ஊசி இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள்: வீட்டுப் பின்னல் இயந்திரம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கையால் ஸ்வெட்டர் பின்னி வருகிறேன். இப்போது விரல் மூட்டுகள் வலிப்பதால் இயந்திரம் வாங்கலாம் என்று எண்ணுகிறேன். நூலைக் கொடுத்தால் அது ஸ்வெட்டரைப் பின்னித் தந்துவிடுமா?

பதில்: தராது. இதை எதிர்பார்த்து வாங்கியவர்கள்தாம் சில வாரங்களிலேயே இயந்திரத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுப் பின்னல் இயந்திரம் என்பது, நீண்ட படுகை ஒன்றில் வரிசையாகக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊசிகளும், அவற்றின் மீது இடமும் வலமுமாக நகரும் கேரியேஜும்தான். ஒவ்வோர் ஊசியின் நுனியிலும் ஒரு கொக்கியும், அதை மூடித் திறக்கும் மிகச் சிறிய நாக்கும் இருக்கும். கேரியேஜ் கடக்கும்போது ஊசி முன்னே வருகிறது. அதில் ஏற்கெனவே இருந்த கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு பின்பக்கம் நழுவுகிறது. கொக்கியில் புதிய நூல் விழுகிறது. ஊசி பின்வாங்கும்போது பழைய கண்ணியே நாக்கை மூடிவிட்டு அதன் மேலேறி வெளியே போக, உள்ளே அகப்பட்ட நூல் புதிய கண்ணியாகிறது. 1849இல் இங்கிலாந்தின் மேத்யூ டவுன்செண்ட் காப்புரிமை பெற்ற நாக்கு ஊசியின் வேலைமுறை இதுவே. அடிப்படையில் அது இன்றும் மாறவில்லை.

ஆகவே இயந்திரம் மிச்சப்படுத்துவது வெறும் நேர்ப்பின்னலுக்கு ஆகும் நேரத்தைத்தான். கையால் கால் மணி நேரம் பிடிக்கும் ஒரு வரிசை ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அக்குளுக்கும் கழுத்துக்கும் கண்ணிகளைக் குறைப்பது, முறுக்குப் பின்னல் போடுவது, துண்டுகளை இணைத்துத் தைப்பது ஆகிய அனைத்தும் கைவேலையாகவே இருக்கும். கேரியேஜைத் தள்ளுவதில் தோளும் முழங்கையும் உழைக்கின்றன. கண்ணிகளை மாற்றும்போது விரல்களே உழைக்கின்றன. எனவே மூட்டுவலி உள்ள நீங்கள், இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் சென்று ஐம்பது வரிசையாவது பின்னிப் பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் 4.5 மி.மீ., 6.5 மி.மீ., 9 மி.மீ. என்று குறிப்பிடுகிறார்கள். இந்த எண் எதைக் குறிக்கிறது? எண் பெரிதாக இருந்தால் இயந்திரமும் பெரியதா?

பதில்: அந்த எண் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே உள்ள தூரம். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதையே. நிறுவனப் பெயரும் துணைக்கருவிகளும் இதற்குப் பின்னர்தான். உங்கள் இயந்திரம் எந்த நூலை ஏற்கும், எதைத் தள்ளிவிடும் என்பதை இந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது.

4.5 மி.மீ. இயந்திரங்களில் வழக்கமாக 200 ஊசிகள் இருக்கும். மெல்லிய நூலுக்கு, அதாவது குழந்தை உடைகளுக்கும் மெல்லிய கார்டிகனுக்கும் பயன்படும் 4 பிளை போன்ற நூலுக்கு, இவை மிகவும் பொருத்தமானவை. 9 மி.மீ. இயந்திரங்களில் 110 முதல் 114 ஊசிகள் வரை இருக்கும். தடிமனான குளிர்கால ஸ்வெட்டர் நூல் இவற்றுக்கு உரியது. சில்வர் ரீட் நிறுவனத்தின் எல்கே 150 போன்ற 6.5 மி.மீ. இயந்திரங்கள் 150 ஊசிகளுடன் நடுத்தர நூலுக்கு உதவும். பெருக்கிப் பாருங்கள்: 200 ஊசிகளை 4.5ஆல் பெருக்கினால் 90 செ.மீ.; 110 ஊசிகளை 9ஆல் பெருக்கினால் 99 செ.மீ. ஆக, மேசை மீது இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளத்தையே அடைக்கும். எண்ணைப் பார்த்து இயந்திரத்தின் அளவை ஊகிக்க முடியாது.

4.5 மி.மீ. இயந்திரத்தில் ஓர் ஊசி விட்டு ஓர் ஊசியைப் பயன்படுத்தினால் அது 9 மி.மீ. இயந்திரமாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இடைவெளி இரட்டிப்பாவது உண்மைதான்; ஆனால் ஊசியின் கொக்கி பெரிதாவதில்லை. சற்றுத் தடித்த நூல் வரை இந்த வழி கைகொடுக்கும். மிகத் தடித்த நூல் கொக்கிக்குள் அடங்காமல் பிரியும், கண்ணிகள் விழும், கேரியேஜ் இறுகி நிற்கும்.

அலமாரியைத் திறந்து, இதுவரை நீங்கள் பின்னியவற்றில் எந்தத் தடிமன் நூல் அதிகம் என்று பாருங்கள். அதற்குரிய இயந்திரத்தை வாங்குங்கள். எல்லா நூலுக்கும் பொருந்தும் ஓர் இயந்திரம் கிடையாது.

கேள்வி: பஞ்ச் கார்டு (பின்னல்கோலத்தைத் துளைகளால் குறிக்கும் அட்டை) வசதியுள்ள பழைய பிரதர் இயந்திரம் ஒன்று விற்பனைக்கு வருகிறது. கேரியேஜ் சற்று இறுக்கமாக ஓடுகிறது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அவர் சொல்லும் காரணம் பாதிதான் சரி. பிரதர் நிறுவனம் இந்த இயந்திரங்களைத் தயாரிப்பதை நிறுத்தி நெடுங்காலம் ஆகிவிட்டதால், கிடைப்பவை எல்லாம் பழையவையே. ஆயினும் உலோகத்தால் ஆனவை என்பதால், பராமரித்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இறுக்கத்துக்கு முதற்காரணமாக நீங்கள் ஐயப்பட வேண்டியது ஸ்பாஞ்ச் பட்டையை. ஊசிகள் துள்ளாமல் படுகையோடு அழுத்திப் பிடிக்கும் நீண்ட உலோகப் பட்டை ஒன்று படுகையின் முன்பகுதிக்குள் செருகப்பட்டிருக்கும். அதன் அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அந்த ஸ்பாஞ்ச் காலப்போக்கில் தட்டையாகிவிடும். நான் வாங்கிய முதல் இயந்திரத்தில் அந்தப் பட்டையைப் பக்கவாட்டிலிருந்து உருவியபோது, ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் பழுப்பு நிறப் பிசின்தான் இருந்தது. விரலில் ஒட்டியது, சில ஊசிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் கேளுங்கள். ஊசி ஒன்றைச் சிறிது முன்னே இழுத்து, நுனியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். எதிர்ப்பின்றித் தொளதொளவென்று ஆடினால் ஸ்பாஞ்ச் போய்விட்டது. அந்நிலையில் கேரியேஜை வலிந்து தள்ளாதீர்கள், ஊசிகள் வளைந்துவிடும். புதிய பட்டை தனியாகக் கிடைக்கும், பொருத்துவதும் எளிது. எனவே இந்தக் குறைக்காக இயந்திரத்தை ஒதுக்க வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது காரணம், கேரியேஜின் அடியில் கெட்டிப்பட்ட பழைய மசகு. அதைத் துடைத்து எடுக்காமல் மேலே புதிய எண்ணெய் விடுவது அழுக்கை இன்னும் குழைக்கத்தான் செய்யும்.

பிறகு ஊசிகள். நாக்கு தடையின்றித் திறந்து மூடுகிறதா, கொக்கி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நடு ஊசிகளே அதிகம் தேய்ந்திருக்கும். ஓர ஊசிகளை நடுவுக்கு மாற்றிச் சமாளிக்கலாம். படுகையே வளைந்திருந்தாலோ துரு ஆழமாகப் பிடித்திருந்தாலோ விலகிவிடுங்கள்.

பஞ்ச் கார்டு பகுதியைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான கார்டுகளில் ஒரு வரிசைக்கு 24 துளையிடங்கள் இருக்கும். பிரதர் இயந்திரத்தில் கேரியேஜைப் பின்னல்கோலத்துக்கான நிலையில் வைத்து ஒருமுறை தள்ளினால், துளைகளுக்கு ஏற்ப ஊசிகள் முன்னே வந்து நிற்பது நூலே இல்லாமலும் கண்ணுக்குத் தெரியும். 24 ஊசிகளுக்கு ஒரு முறை அதே ஊசி தொடர்ந்து தவறினால், கோளாறு கார்டைப் படிக்கும் பகுதியில். சில்வர் ரீட் இயந்திரங்களில் ஊசிகள் இப்படி முன்கூட்டி வந்து நிற்பதில்லை என்பதால், அவற்றை நூல் போட்டுப் பின்னித்தான் சோதிக்க முடியும்.

கேள்வி: இயந்திரத்துடன் ரிப்பர், துளைக்கோலம் போட உதவும் லேஸ் கேரியேஜ், கார்ட்டர் கேரியேஜ் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கச் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இவை தேவையா?

பதில்: இவற்றில் எதுவும் முதல் ஆறு மாதங்களுக்குத் தேவையில்லை. உண்மையில் இல்லாமல் முடியாதவை மிகச் சிறியவை. அவைதான் பழைய பெட்டிகளில் காணாமலும் போயிருக்கும். நூலைச் சீராக விடும் டென்ஷன் கம்பி, மேசையில் இறுக்கும் இரண்டு கிளாம்புகள், கண்ணி மாற்றும் கருவிகள், நாக்குக் கொக்கிக் கருவி, ஓரங்களில் தொங்கவிடும் நக எடைகள், வரிசை எண்ணும் கருவி ஆகியவை இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நூல் சுற்றும் கருவியும் வேண்டும். கையால் உருட்டிய உருண்டை, கேரியேஜ் இழுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் துள்ளும். துள்ளும்போதெல்லாம் ஒரு கண்ணி இறுகும்.

ரிப்பர் என்பது எதிர்ப்புறத்தில் பொருத்தும் இரண்டாவது ஊசிப் படுகை. மணிக்கட்டுப் பட்டியையும் குழல் வடிவப் பின்னலையும் அது எளிதாக்கும். தனியாக அது இயங்காது. உங்கள் முதன்மை இயந்திரத்தின் நிறுவனமும் ஊசி இடைவெளியும் ரிப்பருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே இயந்திரமே வெவ்வேறு பெயர்களிலும் விற்கப்பட்டிருக்கிறது: பிரதர் இயந்திரங்கள் நிட்கிங் என்ற பெயரிலும், சில்வர் ரீட் இயந்திரங்கள் ஸ்டுடியோ, நிட்மாஸ்டர் என்ற பெயர்களிலும் வந்தன. பெயர் வேறாக இருப்பதாலேயே பொருந்தும் ரிப்பரைக் கைவிட்டுவிடாதீர்கள். அது கிடைக்கும் வரை, ஒன்று விட்டு ஒரு கண்ணியைக் கீழ்வரை அவிழ்த்து, நாக்குக் கொக்கிக் கருவியால் எதிர்ப்பக்கமாக மேலேற்றிப் பட்டி பின்னலாம். மெதுவான வேலைதான், ஆனால் கண்ணியின் இயல்பை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பயிற்சி வேறில்லை.

கார்ட்டர் கேரியேஜ் மின்சாரத்தில் தானாக ஊர்ந்து நேர்க்கண்ணியும் எதிர்க்கண்ணியும் மாற்றி மாற்றிப் போடும். மிக நல்ல கருவி, மிக மெதுவான கருவி. பழுதானால் சரிசெய்வதும் கடினம்.

கேள்வி: கைப்பிடியைச் சுற்றினால் பின்னும் வட்ட வடிவ பிளாஸ்டிக் இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. அதுவே போதாதா?

பதில்: தொப்பியும் மஃப்ளரும் போதுமென்றால் அது போதும். சென்ட்ரோ வகையில் 48 ஊசிகள், ஆடி எக்ஸ்பிரஸ் பெரிய வகையில் 46 ஊசிகள் உள்ளன. குழலாகவும் குறுகிய பட்டையாகவும் பின்னலாம். ஆனால் கண்ணியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் எண் அவற்றில் இல்லை. ஆகவே நூலை மாற்றித்தான் அளவை மாற்ற முடியும். உடலளவுக்கு ஸ்வெட்டர் பின்னும் எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, ஊசிப் படுகை உள்ள இயந்திரத்தை வாங்குங்கள். அது வந்ததும் 40 கண்ணி அகலத்தில் 60 வரிசை மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, காயவைத்து, மறுநாள் அளந்து பாருங்கள். இயந்திரத்திலிருந்து இறக்கிய உடனே அளந்தால், எடைகள் இழுத்த நீளமும் அந்த அளவில் சேர்ந்துவிடும்.