குவாண்டம் கருவி செருகினால் ஹேக்கர் வரமாட்டாரா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனி ஆளாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். பன்னிரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறேன். சிலருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் (கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட உதவும் சிறு யூஎஸ்பி கருவிகள்) என் மேசை டிராயரில்தான் இருக்கும். போன வாரம் ஒருவர் யூஎஸ்பி கருவி ஒன்றைக் காட்டி, "இது குவாண்டம் ரேண்டம் நம்பர் போடும். செருகிவிட்டால் எந்த ஹேக்கரும் நுழைய முடியாது" என்றார். விலை 42,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சார். கருவி போலி என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட கருவிகள் நிஜமாகவே உண்டு. ஜெனீவாவில் இருக்கும் ஐடி குவாண்டிக், நம் பெங்களூரின் க்யூனு லேப்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் அவர் சொன்ன வேலையை அது செய்யாது.

கம்ப்யூட்டரில் தகவலைப் பூட்டவும் கையெழுத்துப் போடவும் பயன்படும் ரகசியச் சாவி என்பது ரேண்டமாக, அதாவது தற்செயலாக எடுத்த, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண். தாயக்கட்டையை உருட்டும் கையின் வேகமும் தரையும் துல்லியமாகத் தெரிந்தால், என்ன விழும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பாதி ஊடுருவும் கண்ணாடியில் மோதும் ஒற்றை ஒளித்துகள் கடந்துபோகுமா, திரும்புமா என்பதை அப்படிச் சொல்லவே முடியாது. ஒளித்துகள் போன்ற மிகச் சிறியவற்றின் இந்த உலகத்தைத்தான் குவாண்டம் என்கிறார்கள். இந்தக் கருவி எண் எடுப்பது அந்த மாதிரி இடத்திலிருந்துதான். அதன் வேலை அத்தோடு சரி. வைரஸைப் பிடிக்காது. நீங்களே போனில் ஓடிபி சொன்னால் தடுக்காது.

எண் சரியில்லாவிட்டால் ஆபத்துதான், மறுக்கவில்லை. 2006இல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், சாவி உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் ஒன்றிரண்டு வரிகளை நீக்கியதில், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 வாய்ப்புகள் மட்டுமே மிஞ்சின. 2008 வரை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் தப்பு எங்கே? நிரலில். எவ்வளவு நல்ல எண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அந்த நிரல் அதை எடுத்துக்கொண்டிருக்காது.

உங்களிடம் உள்ள விண்டோஸ் பல இடங்களிலிருந்து தற்செயலைச் சேகரித்துத் தானே எண் உருவாக்குகிறது. இன்டெல் சிப்களிலும் 2012 முதல் அதற்கென்று தனிப் பகுதி உண்டு. சாவிகளை ஓயாமல் உருவாக்கும் வங்கி சர்வர்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், லாட்டரி நடத்துபவர்களுக்குக் குவாண்டம் கருவி பயன்படலாம். உங்களுக்கு? டிஜிட்டல் கையெழுத்தின் சாவி அந்த டோக்கனுக்குள்ளேயே பிறக்கிறது. பக்கத்தில் செருகிய கருவியை அது ஏறெடுத்தும் பார்க்காது.

விற்பவர் மறுபடி வந்தால், "என் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருள் இதிலிருந்து எண் வாங்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், "ஹேக்கர் நுழைய முடியாது" என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டார்.

ஒருவேளை முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தொழிலுக்கு வாங்கியது என்பதால் வழக்குப் போட முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்த டிராயர். சாவியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டியது கையெழுத்துக்கு உரியவர் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. டோக்கன்களை இந்த வாரமே அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். டோக்கனின் ரகசிய பின் (PIN) நம்பர் உங்களுக்குத் தெரியும் என்றால், அதையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.