சொல்லுங்க அக்கா: கேம்பஸ்ல இருந்து ரெண்டு லெட்டர்

கேள்வி: அக்கா, என் மக டர்பன்ல ஒரு யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் பண்றா. அவ சூப்பர்வைசர் ராத்திரி பதினோரு மணிக்கு மேல "இன்னிக்கு டிரெஸ் நல்லா இருந்துச்சு, தனியா வா பேசலாம்"னு வாட்ஸ்அப் பண்றாராம், போன வாரம் ஆபீஸ் கதவ சாத்திட்டு தோள்ல கைய வேற வச்சிருக்கார். அவ அப்பா, "பல்ல கடிச்சுகிட்டு முடிச்சிடு, வெளிய தெரிஞ்சா நம்ம பேருதான் கெடும்"ங்கிறார். கம்ப்ளைண்ட் குடுத்தா டிகிரி போயிடுமோன்னு அவ அழுவுறா. நான் என்ன பண்ணட்டும்?
பேர் வேணாம், சாட்ஸ்வர்த்

பதில்: தங்கச்சி, உங்க மக மேல ஒரு தப்பும் இல்ல, பேரு கெடணும்னா அந்தாளுக்குத்தான் கெடணும், இத மொதல்ல அவ கிட்ட உங்க வாயால சொல்லுங்க. அப்பா சொல்லலன்னாலும் நீங்க சொல்லுங்க.

போய் சொன்னாலே விசாரணை, கேஸுன்னு ஆயிடும்னு பயந்துதான் நம்ம புள்ளைங்க வாய தொறக்கறதில்ல. ஆனா உதவி கேக்கறதுக்கு கம்ப்ளைண்ட் குடுத்தே ஆகணும்னு இல்லம்மா. ஜோஹன்னஸ்பர்க் விட்ஸ் யூனிவர்சிட்டில இதுக்குன்னே ஜெண்டர் ஈக்விட்டி ஆபீஸ் இருக்கு, மத்த எடத்துல ஸ்டூடண்ட் கவுன்சிலிங்ல ஆரம்பிக்கலாம். உக்காந்ததுமே "நான் சொல்றது யார் யாருக்குப் போகும்?"னு கேக்கச் சொல்லுங்க, பதில் தெளிவா வந்தப்புறம் மிச்சத்த சொல்லட்டும். சூப்பர்வைசர மாத்தணும், தீசிஸுக்கு டைம் வேணும், மீட்டிங்ல இன்னொரு லெக்சரர் கூட இருக்கணும், இதெல்லாம் தாராளமா கேக்கலாம். டிகிரி பயம்தான் அவள கட்டிப் போட்டிருக்கு, அதனால இத முதல்ல கேக்கட்டும், கம்ப்ளைண்ட் குடுக்கறதா வேணாமான்னு அப்புறம் அவளே முடிவு பண்ணட்டும். நீங்களோ அவ அப்பாவோ பண்ணக்கூடாது.

அந்த மெசேஜ் எதையும் அழிக்க வேணாம். பாத்தாலே குமட்டுதுன்னு நெறைய பொண்ணுங்க மொத வேலையா அதத்தான் அழிக்கிறாங்க. தேதியும் நம்பரும் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிக்கட்டும், யூனிவர்சிட்டி ஈமெயில் வேணாம். கதவ சாத்துன அன்னிக்கு என்ன நடந்துச்சு, எத்தன மணி, வெளிய யாரு இருந்தாங்க, எல்லாத்தையும் இன்னிக்கே எழுதி வைக்கட்டும்.

யூனிவர்சிட்டிய தாண்டியும் வழி இருக்கு. நம்ம சவுத் ஆப்பிரிக்காவோட 2011 ஹராஸ்மெண்ட் சட்டத்துல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல புரொடெக்‌ஷன் ஆர்டர், அதாவது அந்தாள் அவளத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கோர்ட் தடை, கேக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, மெசேஜ் தொல்லையும் அதுல வரும். பாலியல் குற்றத்துக்கு கேஸ் போட 2020 திருத்தத்துக்கு அப்புறம் காலக்கெடுவே கிடையாது, அதனால இன்னிக்கே முடிவு பண்ணுன்னு யாரும் அவள நெருக்க வேணாம்.

இத படிக்கிற வேற பொண்ணுங்களுக்கும் சொல்லிடறேன், பலாத்காரம் நடந்திருந்தா மட்டும் காத்திருக்காதீங்கம்மா, குளிக்காம, போட்ட துணிய துவைக்காம நேரா துதுசேலா சென்டருக்கு, அதாவது பலாத்காரத்துக்கு ஆளானவங்களுக்கு உதவி பண்ற எடத்துக்குப் போங்க, நம்ம சாட்ஸ்வர்த் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிலயும் ஒண்ணு இருக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். பேச ஆள் வேணும்னா கவர்மெண்ட் ஹெல்ப்லைன் 0800 428 428, ராத்திரியும் எடுப்பாங்க, காசு இல்ல.

கேள்வி: அக்கா, காவடி விரதத்துக்கு மஞ்சக் கயிறு கட்டிட்டு லேப்புக்குப் போனேன். லெக்சரர் எல்லார் முன்னாடியும் "இந்த மந்திரமெல்லாம் வீட்டோட வச்சுக்க"ன்னு சிரிச்சுட்டு கழட்டச் சொன்னார். இதெல்லாம் ஒரு விஷயமா?
தம்பி ஒருத்தன், ஃபீனிக்ஸ்

பதில்: விஷயந்தான் தம்பி. டர்பன் கேர்ள்ஸ் ஹை ஸ்கூல்ல ஒரு தமிழ்ப் பொண்ணு மூக்குத்தி போடக் கூடாதுன்னாங்க, அவ அம்மா விடாம ஈக்குவாலிட்டி கோர்ட்ல ஆரம்பிச்சு, அங்க தோத்தும் ஹை கோர்ட்ல ஜெயிச்சாங்க, ஸ்கூல் பக்கம் அப்பீல் போயும் 2007-ல நாட்டோட அரசியல் சட்ட உச்ச கோர்ட்டான கான்ஸ்டிடியூஷனல் கோர்ட்டே அது நியாயமில்லாத பாகுபாடுன்னு சொல்லிடுச்சு. லேப்ல தீ, மெஷின்னு சேஃப்டி காரணம் இருந்தா கயிற கையுறைக்குள்ள வச்சுக்கலாமான்னு கேளு, அது வேற பேச்சு. சிரிச்சதுக்கு காரணமே கெடையாது. கூட இருந்த ரெண்டு பேர் கிட்ட கேட்டத எழுதி வாங்கிகிட்டு ஹெட் ஆஃப் டிபார்ட்மெண்டுக்கு ஈமெயில் போடு, வாயால சொல்லிட்டு வந்துடாத.