பள்ளிச் செய்தி எனக்கு மட்டும் ஏன் வந்து சேர்வதில்லை?

கேள்வி: என் மகள் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். காலை 8.30-க்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு 8.30-க்குத்தான் போனைக் கையில் எடுப்பேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாமியார். அவரிடம் இருப்பது பட்டன் போன். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம், சாமி படம், பிறந்தநாள் வாழ்த்து என்று வந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவில் எங்கேயோ பள்ளி அறிவிப்பு கிடக்கும். இப்படித்தான் ஆதார் முகாமைத் தவறவிட்டேன். பொங்கல் விழாவுக்குப் பாவாடை சட்டை போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்களாம். என் மகள் மட்டும் சீருடையில் போய், அழுதுகொண்டே திரும்பி வந்தாள். "உங்கம்மா குரூப் பார்க்கிறதே இல்லையா?" என்று டீச்சர் பிள்ளைகள் முன்னால் கேட்டாராம். கவனிப்பில்லாத வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. பேசாமல் குரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாமா? டீச்சரிடம் போய்க் கேட்கவும் பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, இரவில் அத்தனை செய்தியையும் தள்ளித் தள்ளிப் பள்ளி அறிவிப்பைத் தேடுகிறீர்கள். உங்களைக் கவனிப்பில்லாத தாய் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்தி உங்களை வந்து சேராததற்குக் காரணம், அது அனுப்பப்படும் விதம். பகலெல்லாம் போன் கையில் இருக்கும் பெற்றோரை மனதில் வைத்தே அந்தக் குரூப் நடக்கிறது. திருப்பூரில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது? உங்கள் மகள் வகுப்பிலேயே உங்களைப் போல ஷிப்ட் போகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்து, தமிழ் எழுத்தே தெரியாத பெற்றோரும் இருக்கக்கூடும். அவர்களும் உங்களைப் போலவே தவறவிட்டுவிட்டு, வெளியே சொல்லாமல் இருப்பார்கள்.

குரூப்பை விட்டு வெளியே வராதீர்கள். கோபத்தில் வந்துவிட்டால், இப்போது அரைகுறையாகவாவது தெரிகிற செய்தியும் நின்றுபோகும்.

முதலில் டீச்சரைப் பற்றி. பிள்ளைகள் முன்னால் அப்படிக் கேட்டது தவறு. ஏழு வயதுக் குழந்தை அதற்கு என்ன பதில் சொல்லும்? ஆனால் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். பாடம் நடத்துவதும் அவர்கள்தான், மாணவர் விவரங்கள் இருக்கும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகையைப் பதிவதும், அறிவிப்பு போடுவதும் அவர்கள்தான். போட்டுவிட்டால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. உங்கள் நிலைமை அவருக்குத் தெரியாமலே கூட இருக்கலாம். குரூப்பில் பொதுவாகக் கேட்காமல், அவருடைய தனி எண்ணுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். இப்படிப் பேசினால் போதும்: "டீச்சர், நான் கம்பெனி வேலை. ராத்திரி எட்டரைக்குத்தான் போன் பார்ப்பேன். அவசரம்னா பாப்பாவோட பாட்டி நம்பருக்கு ஒரு போன் பண்ணிடுங்க. விழாவுக்கு டிரஸ் எடுக்கணும்னா இரண்டு நாள் முன்னாடி தெரிஞ்சா நல்லா இருக்கும். எதுவா இருந்தாலும் எங்கிட்டயே கேளுங்க, பாப்பாகிட்ட வேண்டாம்." கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அதைச் சொல்லப் பயப்பட வேண்டியதில்லை. குழந்தையை அடிக்கக் கூடாது என்பதோடு மனதளவில் துன்புறுத்தவும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த ஒரு கேள்விக்காகச் சட்டத்தை எடுத்து நீட்டச் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது சலுகை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து போன் எண். எமிஸில் உங்கள் மகள் பெயருக்கு நேராக எந்த எண் இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது கொடுத்த சிம் இப்போது யாரிடம் இருக்கிறதோ! ரீசார்ஜ் சலுகைக்காக நம்பர் மாற்றிக்கொண்டே இருக்கிற வீடுகள் நம்மிடையே நிறைய. பழைய எண் இருந்தால், பள்ளியிலிருந்து வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். அப்படியே உங்கள் வீட்டுக்காரரின் எண்ணையும் வகுப்புக் குரூப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். லாரி ஓட்டுகிறவர் சரக்கு இறக்கும் இடத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பார். அந்த நேரத்தில் குரூப்பைப் பார்த்து, முக்கியமானது இருந்தால் தன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுங்கள். பள்ளிச் செய்தி என்றாலே அம்மா பார்க்க வேண்டியது என்ற பழக்கத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. குழந்தைக்கு அப்பாவும்தானே பெற்றோர்.

இனி, வாட்ஸ்அப்பை நம்பாமல் செய்தி வருவதற்கு ஒரு வழி. உங்கள் மகள் பள்ளியில் காலை உணவு சாப்பிடுகிறாளா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற தாய்மாரைத்தான் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள். அதாவது, தினமும் காலையில் பள்ளிக்குள் இருக்கிற ஒரு தாய். நாளைக்கு என்ன விழா, யார் வருகிறார்கள், எதைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்கு முதலில் தெரியும். குழந்தையைக் கொண்டுவிடும்போது உங்கள் மாமியார் அந்த அக்காவிடம் "இன்னிக்கு எதாவது சொன்னாங்களா கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். உங்கள் மாமியாருக்குப் பட்டன் போன் இருப்பது இங்கே ஒரு குறையே இல்லை. தினமும் பள்ளி வாசலில் நிற்பது அவர்தான்.

வீட்டளவில் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஆனால் இதோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் நீங்கள் ஒருவர் சமாளித்துக்கொண்டால் அடுத்த வீட்டுக் குழந்தை அடுத்த விழாவில் அழும். பள்ளியே முறையை மாற்ற வேண்டும். அதைக் கேட்பதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் குழுவின் தலைவரும் ஒரு பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போனால் உங்களுக்கு அரை நாள் கூலி போய்விடும், எனக்குத் தெரியும். போக வேண்டாம். உறுப்பினராக இருக்கிற ஒரு தாயின் பெயரையும் எண்ணையும் விசாரித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துப் பேசுங்கள். உங்களைப் போலத் தவறவிட்ட இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சும்மா சொல்லிவிட்டு வந்தால் அது பேச்சோடு போய்விடும். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாசகத்தை நானே தருகிறேன்:

"பள்ளி அறிவிப்புகளுக்கென்று, ஆசிரியர்கள் மட்டும் பதிவிடக்கூடிய தனி வாட்ஸ்அப் குழு தொடங்கப்படும். பெற்றோர் ஏதேனும் கொண்டுவர வேண்டிய அல்லது செய்ய வேண்டிய நிகழ்ச்சிகள் மூன்று நாள்களுக்கு முன்பே அறிவிக்கப்படும். அதே அறிவிப்பு பள்ளி வாசலில் உள்ள பலகையிலும் எழுதப்படும். கைபேசி இல்லாத வீடுகளுக்குக் குழந்தையிடம் சீட்டு கொடுத்தனுப்பப்படும்."

தனிக் குழு தொடங்குவது பெரிய வேலை இல்லை. குரூப் அமைப்புக்குள் போய், அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. பழைய குரூப்பில் வாழ்த்தும் சாமி படமும் அது பாட்டுக்கு வரட்டும், அதில் மற்றவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. நீங்கள் அதை மியூட் செய்துவிடலாம். அறிவிப்புக் குழுவில் முக்கியமான செய்தியை மேலே பின் செய்து வைத்தால், இரவு எட்டரைக்குத் திறந்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும். எழுத்தோடு டீச்சரின் குரலிலும் ஒன்று அனுப்பினால், படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பக்கத்து வீட்டில் யாராவது போட்டுக் காட்டலாம்.

ஆசிரியர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் வரும் அறிவிப்பு இப்படி இருக்கிறது: "பெற்றோர் கவனத்திற்கு, நாளை ஆதார் முகாம் நடைபெற இருப்பதால் உரிய ஆவணங்களுடன் தவறாது வரவும்." எந்த ஆவணம், எத்தனை மணிக்கு, எந்தக் குழந்தைகளுக்கு, அப்பா அம்மாதான் வர வேண்டுமா, வர முடியாதவர்கள் என்ன செய்வது? ஒன்றுமே அதில் இல்லை. அதையே இப்படிப் போட்டுப் பாருங்கள்: "வியாழன் காலை 10 முதல் 1 மணி வரை நம் பள்ளியில் ஆதார் முகாம். 5 வயதுக்குப் பிறகு கைரேகை இன்னும் பதியாத பிள்ளைகளுக்கு மட்டும். குழந்தையின் ஆதார், அம்மா அல்லது அப்பாவின் ஆதார், இரண்டையும் எடுத்து வரவும். வர முடியாதவர்கள் புதன் மாலைக்குள் டீச்சரிடம் சொல்லவும்." இப்படிப் போட்டால் வேலைக்குப் போகிற தாய் முந்தின நாள் இரவே பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துவைப்பார். குடற்புழு நீக்க மாத்திரைக்கும் இதே போலத்தான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அது வருகிறது. அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் கொடுப்பார்கள் என்ற ஒரு வரியைச் சேர்த்துப் போட்டால் பெற்றோருக்குப் பதற்றம் இருக்காது.

ஆதாரைப் பற்றி நீங்களும் கவலைப்படாதீர்கள். முகாம் போனால் குடி முழுகிவிடாது. சின்ன வயதில் எடுத்த நீல நிற அட்டையில் கைரேகை இருக்காது. 5 வயது தாண்டியதும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். ஆதார் சேவை இருக்கிற தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ இதைச் செய்துகொள்ளலாம். லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்து, மையம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு மகளைக் கூட்டிப்போங்கள். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம், உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று வரும்போது ஆதாரைக் கேட்பார்கள்.

மகளிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். "அம்மாவுக்குச் செய்தி லேட்டா வந்தது கண்ணு, உன் மேல தப்பில்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு வேலையை அவளிடம் கொடுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். சாயங்காலம் பள்ளி விட்டதும் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாகத்தான் எழுதுவாள், எழுதட்டும். பலகை இன்னும் வரவில்லை என்றால், டீச்சர் சொன்னதில் ஒன்றைப் பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அவள் மறந்தால் கோபிக்கக் கூடாது. செய்தி சேர்க்கும் பொறுப்பு பள்ளிக்கும் பெரியவர்களுக்கும்தான்.

இத்தனைக்குப் பிறகும் பள்ளியில் காதில் வாங்கவில்லை என்றால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் நாலைந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன். முதல் வேலையாக இன்றிரவே டீச்சருக்கு அந்தக் குரல் செய்தியை அனுப்புங்கள். மேலாண்மைக் குழுவில் என்ன முடிவானது என்று எனக்கும் எழுதுங்கள்.