எக்ஸ்பல்ஸுக்கு முழு பட்டன் டயர் போடலாமா?

கேள்வி இதுதான்: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் வைத்திருக்கிறீர்கள், கோயம்புத்தூரில் தினமும் ஆபீஸுக்கு அதே வண்டி, வார இறுதியில் மண் பாதை, அடுத்த வருடம் லடாக் போக ஆசை. கூட ஓட்டுகிறவர்கள் இரண்டு சக்கரத்துக்கும் முழு பட்டன் டயர், அதாவது ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் மண் பாதை டயர், போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு அது பொருந்தாது. ஆஃப்ரோடு டயர் என்று பொதுவாக ஒரு டயர் கிடையாது, எந்த மண்ணில் ஓட்டுகிறோம் என்பதுதான் டயரை முடிவு செய்கிறது. அதை யாரும் கேட்காமலே டயர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பட்டன் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இளகிய மண்ணில் பட்டன் உள்ளே இறங்கி, மண்ணைப் பின்னால் தள்ளி வண்டியை நகர்த்துகிறது. அதனால் அங்கே உயரமான பட்டன் வேண்டும், நடுவில் நல்ல இடைவெளியும் வேண்டும், இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். இறுகிப்போன தரையிலும் பாறையிலும் பட்டன் இறங்கவே இறங்காது, மேலேதான் நிற்கும். அங்கே வேலை செய்வது ரப்பரின் பிடிப்பு மட்டுமே, எனவே குட்டையான, நெருக்கமான பட்டனும் மிருதுவான ரப்பரும் வேண்டும். கரடுமுரடான தரைக்கு முரட்டு டயர் என்று நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது. மண் தளத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் பந்தய டயர்களைப் பாருங்கள், டன்லப் ஜியோமேக்ஸ் வரிசையில் மணலுக்கும் சேற்றுக்கும் எம்எக்ஸ் 12, இளகிய தரைக்கு எம்எக்ஸ் 33, இறுகிய தரைக்கு எம்எக்ஸ் 53 என்று தனித்தனியாகவே செய்திருக்கிறார்கள். பந்தயக்காரர்களே ஒரே டயரை வைத்துக்கொண்டு எல்லா மண்ணிலும் ஓட்டுவதில்லை.

இப்போது நம் ஊர் மண்ணுக்கு வருவோம். கோவையைச் சுற்றி வார இறுதியில் கிடைப்பது பெரும்பாலும் இறுகிய செம்மண், அதன் மேல் உதிரிச் சரளை, மலைப் பக்கம் போனால் கல் பாதை. இதற்கு பாதித் தார் பாதி மண் என்று விற்கும் டயரே தாராளம். உண்மையில் வண்டியோடு வந்த கம்பெனி டயரே காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இந்தப் பாதைகளில் முக்கால்வாசியை முடித்துவிடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் வேறு விஷயம். காய்ந்திருந்தால் எந்த டயரும் ஓடும், மழை பெய்து ஊறிவிட்டால் டயரிலும் மட்கார்டுக்கு உள்ளேயும் அப்பிக்கொண்டு முன் சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும், அதற்கு எந்த விலையிலும் டயர் கிடையாது, காயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலில் பட்டன் டயரின் அருமை தெரியும், ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே வண்டியை இறக்காதீர்கள். மலைக் காடுகளுக்கும் அதே கதைதான், அனுமதி இல்லாத இடத்தில் ஓட்டுகிறவர்களால் எல்லோருக்கும் பாதை அடைபடுகிறது.

தார் ரோட்டில் பட்டன் டயர் என்ன செய்யும்? தரையைத் தொடும் ரப்பர் குறைவு. வளைவில் வண்டியைச் சாய்த்தால் உயரமான பட்டன்கள் வளைந்து கொடுக்கும், வண்டி லேசாக அலைவது கைக்குத் தெரியும். மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். அவினாசி ரோட்டில் பஸ் திடீரென்று நிற்கும்போது இந்தத் தூரம் பெரிய விஷயம். அப்புறம் தேய்மானம். பின் டயர்தான் முதலில் போகும், அதுவும் உயரம் குறைவதற்கு முன்னாலேயே பட்டனின் விளிம்பு போய்விடும். புது டயரில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், விளிம்பு கூராக இருக்கும். தாரில் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு அதே இடம் உருண்டு வழவழவென்று இருக்கும். மண்ணைக் கடிப்பது அந்த விளிம்புதான். ஆபீஸுக்குப் போயே அதைத் தேய்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மண்ணில் என்ன கிடைக்கப்போகிறது?

லடாக் விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கோவையிலிருந்து ஓட்டியே போவதானால் ஒரு பக்கம் மட்டும் 3000 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை, பட்டன் டயர் மணாலி போய்ச் சேரும்போதே பாதி போயிருக்கும். மணாலி-லே பாதையும் இப்போது பெரும்பகுதி தார். 2020-இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோத்தங் கணவாய் ஏறாமலே போகலாம். மீதி இருக்கும் உடைந்த பாதையிலும் ஓடை கடக்கிற இடத்திலும் உருண்டைக் கற்கள்தான், அங்கே நல்ல ட்யூபும் சரியான காற்றும் போதும். வண்டியை ரயிலில் அனுப்பிவிட்டு ஸ்பிதி, ஸான்ஸ்கார் என்று உள்ளே சுற்றுவதானால் கதை வேறு, அப்போது பட்டன் டயர் யோசிக்கலாம்.

சரி, எதைப் போடுவது? உங்கள் வண்டியின் டயர் அளவு முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18. பைரெல்லி எம்டி 60 மாதிரி நெருக்கமான பட்டன் கொண்டவை தார் பக்கம் சாய்ந்தவை, கான்டினென்டல் டிகேசி 80 மாதிரி இடைவெளி விட்ட பட்டன் கொண்டவை மண் பக்கம் சாய்ந்தவை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் அளவில் கடையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். என் தேர்வு: பின்னால் தார் பக்கம் சாய்ந்த டயர், முன்னால் அதைவிட ஒரு படி முரடானது. மண்ணில் பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் கீழேதான். தவிர முன் டயர் மெதுவாகத்தான் தேயும், காசு வீணாகாது. மழைக்காலத்தில் மட்டும் முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். பின்னால் அகலமான டயர் போட்டால் அழகு என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். ரிம் அகலத்துக்கு மீறிய டயர் நடுவில் குவிந்து நிற்கும், செயினிலும் உரசலாம்.

டயருக்குச் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு காற்று மீட்டரும் கைப் பம்பும் வாங்குங்கள். மண் பாதையில் இறங்குமுன் 20 பிஎஸ்ஐ பக்கம் குறைத்தால் டயர் தட்டையாக விரிந்து பிடிக்கும், வித்தியாசம் உடனே தெரியும். கல் அதிகம் என்றால் அவ்வளவு குறைக்க வேண்டாம், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். மணலுக்காக இன்னும் கீழே போவதானால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போடுங்கள், இல்லாவிட்டால் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம் செய்தது. பல வருடம் கடையில் கிடந்ததைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். டயரோடு ட்யூபையும் புதிதாக மாற்றுங்கள், அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா என்று பஞ்சர் கடையை விட்டுக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.