கொடுவா வயிற்றில் வெள்ளைக் கல்: நோயா, தின்ற குஞ்சா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் உவர்நீர்க் குளத்தில் கொடுவா வளர்க்கிறேன் சார். பெரிய மீன் ஒன்றை அறுத்தபோது வயிற்றில் நாலு வெள்ளைக் கல் கிடந்தது. ஏதும் நோயா? குஞ்சுகளும் குறைகிற மாதிரி தெரிகிறது.

பதில்: நோய் இல்லண்ணே, பயப்படாதீங்க. அது உங்கள் கொடுவா தின்ற மீன்களின் காதுக்கல். மூளைக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும், சுண்ணாம்புச் சத்தால் ஆனது. கத்தாளை ஆய்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும், அதன் தலையில் பெரிய கல்லாக இருக்கும். மீன் வளர வளரக் கல்லும் வளர்வதால், கல்லை அளந்தே தின்னப்பட்ட மீனின் நீளத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் எந்த மீனின் கல் என்று பாருங்கள். கழிசல் மீன் தீவனம் போடுகிறீர்கள் என்றால் சாளை, காரல் கல்லாகவும் இருக்கலாம், அப்படியானால் கவலையே இல்லை. செத்த கொடுவாக் குஞ்சு ஒன்றின் தலையைப் பிளந்து கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலே வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். இடது, வலது ஜோடி சேர்கிறதா என்றும் பாருங்கள், நாலு கல் என்றால் இரண்டே மீனாக இருக்கலாம்.

கொடுவாக் கல்தான் என்றால், பெரியது தன் இனக் குஞ்சையே தின்கிறது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய குஞ்சு என்று அறிய, உங்கள் குளத்திலேயே சாகிற மீன்களைச் சிறிதும் பெரிதுமாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் எடையையும் குறித்து, கல்லின் நீளவாக்கை வெர்னியரில் (நுட்பமாக அளக்கும் கருவி) அளந்து கிராஃப் தாளில் புள்ளி வையுங்கள். வயிற்றில் கிடைத்த கல்லின் அளவுக்கு நேரே பார்த்தால், தின்னப்பட்ட மீனின் நீளம் தெரியும். வேறு இடத்துக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள், மெதுவாக வளர்ந்த மீனுக்கு அதே நீளத்தில் வேகமாக வளர்ந்ததைவிடக் கல் பெரிதாக இருக்கும், அதனால் கடல் மீனுக்குப் போட்ட கணக்கு தீவனம் தின்று வளர்ந்த குளத்து மீனுக்குப் பொருந்தாது. எடைக்கு இன்னும் கவனம் வேண்டும், நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய 8 மடங்காகும். வயிற்று அமிலம் கல்லை அரிக்கும் என்பதால் ஓரம் மழுங்கிய கல்லை ஒதுக்கிவிடுங்கள், அது மீனை உண்மையைவிடச் சின்னதாகக் காட்டும்.

கொடுவா தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிற குஞ்சையும் விழுங்கும். குஞ்சு குறைகிறது என்று சொல்கிறீர்கள், அதனால் இந்த வாரமே வலை போட்டு அளவு வாரியாகப் பிரித்து விடுங்கள், கல் அளக்கிற வேலை அப்புறம் நடக்கட்டும்.