பெத் கற்பனை, நோனா நிஜம்

கேள்வி: ‘தி குவீன்ஸ் கேம்பிட்’ தொடரை என் மகளுடன் சேர்ந்து பார்த்தேன். அநாதை இல்லத்தில் வளர்ந்த பெத் ஹார்மன் மாஸ்கோ சென்று சதுரங்க உலக சாம்பியனையே வெல்கிறாள். அப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. வால்டர் டெவிஸ் 1983-இல் எழுதிய நாவலில் பிறந்தவள் பெத். கென்டக்கி அநாதை இல்லத்தின் நிலவறையில் துப்புரவுப் பணியாளரிடம் ஆட்டம் பயில்வதும், இரவில் விட்டத்தைப் பார்த்துப் படுத்தபடி அங்கே தலைகீழாகத் தொங்கும் காய்களை நகர்த்துவதும் கற்பனையே. ஆனால் தொடரின் கடைசிப் பகுதியில் ஓர் உண்மையான பெண்மணியின் பெயர் வந்து போகிறது. மகளுக்கு அவர் கதையையும் சொல்லுங்கள்.

1968-இல் நடப்பதாகக் காட்டப்படும் மாஸ்கோ போட்டியின் வர்ணனையாளர், பெண் ஒருத்தி ஆடுவது ரஷ்யாவுக்குப் புதிதல்ல என்று கூறி நோனா கப்ரிந்தாஷ்விலியைக் குறிப்பிட்டுவிட்டு, அவர் பெண்கள் சாம்பியன்தான், ஆண்களோடு ஆடியதே இல்லை என்கிறார். கேமராவும் பார்வையாளர் வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் காட்டுகிறது. நோனா ரஷ்யர் அல்லர், அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஜார்ஜியாக்காரர். 1962 முதல் 1978 வரை பெண்கள் உலக சாம்பியனாக விளங்கிய அவர், 1968-க்கு முன்பே கிராண்ட்மாஸ்டர்கள் உள்ளிட்ட எத்தனையோ ஆண்களுடன் மோதியவர். 1977-இல் அமெரிக்காவின் லோன் பைன் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, மறு ஆண்டே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். நாவலிலோ அவர் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்களைப் பலமுறை எதிர்கொண்டவர் என்றுதான் இருக்கிறது. பெத்துக்கு முன்னால் யாருமே இல்லை என்று காட்டுவதற்காகத் திரைக்கதை அதைத் திருப்பிப்போட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. நோனா தமது எண்பதாவது வயதில், 2021-இல், 50 லட்சம் டாலர் கேட்டு நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குத் தொடர்ந்தார். கற்பனைக் கதைதானே என்ற நெட்ஃபிளிக்ஸின் வாதத்தை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்துவிட்டார், 2022-இல் சமரசமாயிற்று.

கேள்வி: பெத் ஆடும் ஆட்டங்களாவது நிஜமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தொடரின் ஆலோசகர்களில் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவே ஒருவர் என்பதால் பலகையில் பிழை காண்பது கடினம். தொடரில் உலக சாம்பியனாக வரும் போர்கோவுடனான இறுதி ஆட்டம், 1993-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கிராண்ட்மாஸ்டர்கள் இவான்சுக்கும் பேட்ரிக் வுல்ஃபும் ஆடியதைத் தழுவியது. அங்கே சமனில் முடிந்ததை, இடையில் வேறொரு நகர்த்தலைப் புகுத்தி இங்கே பெத்தின் வெற்றியாக்கியிருக்கிறார்கள். தொடரின் தலைப்பும் அந்த ஆட்டத்தின் தொடக்கம்தான்: ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்தி, அடுத்து அதன் பக்கத்துச் சிப்பாயையும் வெட்டுக்கு நீட்டுவது.

எனக்கு நம்பமுடியாமல் போனது, தோற்ற ஆண்கள் பெத்திடம் காட்டும் பெருந்தன்மை. 15 வயதில் கிராண்ட்மாஸ்டரான ஹங்கேரியின் ஜூடித் போல்கரும் இதையே சொன்னார்: அவரிடம் தோற்றவர்களில் கைகுலுக்க மறுத்தவர்கள் உண்டு, ஒருவர் பலகையிலேயே தலையை முட்டிக்கொண்டாராம்.