பூச்சி ஐயங்காருக்கும் ஒரு கேலி வேணும்

அண்ணே வணக்கம்,

நான் தொண்டிப் பக்கம், இப்ப வேலை துபாய்ல. போன மாசம் நீங்க கர்நாடக சங்கீதத்துல எந்த வாக்கேயக்காரருக்கு, அதான் பாட்டும் மெட்டும் தானே போட்டவுகளுக்கு, எப்படிப்பட்ட ரசிகன் அமைவான்னு ஒரு பதிவு போட்டிருந்தீங்க. தியாகராஜர் ரசிகன் ஊரு முழுக்கக் கோவிச்சுக்கிட்டுத் திரிவான், தீட்சிதர் ரசிகன் நாம சொல்ற ராகத்தோட பேரைத் திருத்தாம காபியத் தொடமாட்டான், சியாமா சாஸ்திரி ரசிகன் வாயவே தொறக்கமாட்டான்னு. நான் சிரிச்சதோட நிறுத்திருக்கணும், எங்க மாமனாருக்கு வாட்ஸப்ல அனுப்பி வச்சேன், அதான் வினையாப் போச்சு. அவுக ரிட்டையர்டு வாத்தியார், தீட்சிதர்னா உயிரு. கடலுக்குள்ள நவக்கிரகக் கல்லு இருக்குற தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போனாலும் முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, கிரகங்க மேல தீட்சிதர் போட்ட நவக்கிரக கிருதிதான் பாடுவாக. ஒரு வாரமா எனக்கு குட்மார்னிங் மெசேஜ் வரல. "உம் புருசன் பெரியவுகள நக்கலடிக்கிறான்"னு மககிட்ட சொல்லிருக்காக.

எங்க ஆபீஸ்ல ஒரு ஜெர்மன்காரர் இருக்காரு, பியானோ வாசிப்பாரு. அவுங்க ஊருலயும் இசை போட்டவுகள வச்சு இப்படித்தானாம், வாக்னர் ரசிகன் இன்ன மாதிரி, ப்ரூக்னர் ரசிகன் இன்ன மாதிரின்னு சொல்லிச் சிரிப்பாங்களாம். அவுங்களுக்கு ஹால் நெறைய ஆள் இருக்கு, கேலி பண்ணலாம். நம்ம கடற்கரைப் பக்கம் கச்சேரின்னா எத்தன பேரு வாராக? ஆளே இல்லாத சரக்கக் கேலி வேற பண்ணணுமா அண்ணே?

இன்னொண்ணு. எனக்கு ராகம் கண்டுபிடிக்கவெல்லாம் தெரியாது, கேக்க மட்டும் பிடிக்கும். மக இங்க பாட்டு கிளாஸ் போகுது, மோகன ராகத்து வர்ணப் பாட்டு வரைக்கும் வந்துருச்சு. நான் எந்தக் கணக்குல வருவேன்?

தொண்டி வாசகர்

தம்பி,

தலைப்புல இருக்குற பூச்சி ஐயங்கார் நம்ம ராமநாதபுரத்துப் பாட்டுக்காரரு, அவருகிட்ட அப்புறம் வருவோம். மொதல்ல மாமனார் விசயத்த முடிச்சிருவோம். பெரியவுகள நக்கலடிச்சதுக்குத்தான் கோவம்னு நீங்க நினைக்கிறீங்க, எனக்கு அப்படித் தோணல. ராமேஸ்வரம் சாமி மேல தீட்சிதர் பாடுன "ராமநாதம் பஜேஹம்" பந்துவராளின்னு அந்தப் பதிவுல எழுதியிருந்தேன்ல, அது வேணும்னே போட்ட தூண்டி முள்ளு. அதே ராகத்துக்கு தீட்சிதர் வழியில காசிராமக்ரியான்னு பேரு, அது காசிராமக்ரியாய்யான்னு ராத்திரி பூரா மெயில் வந்துக்கிட்டே இருந்துச்சு, பதிவு நல்லாருக்குன்னோ நாசமாப்போன்னோ ஒருத்தரும் சொல்லல, பேரை மட்டும் திருத்திட்டுத் தூங்கப் போயிட்டாக. உங்க மாமனாருக்கும் அந்த முள்ளுதான் குத்திருக்கும், கேட்டுப் பாருங்க.

இது நானா கட்டுனது இல்ல தம்பி. தீட்சிதர் வழியில மேளங்களுக்கே, அதான் தாய் ராகங்களுக்கே, பேரு வேற. நாம சண்முகப்ரியாங்கிறது அவுகளுக்குச் சாமரம், கீரவாணி கிரணாவளி, ஹேமவதி தேசிசிம்ஹாரவம். இதெல்லாம் 1904ல எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர் அச்சுக்குக் கொண்டுவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில வரிசையா இருக்கு. அதப் படிச்சு வளந்த ஆளு பக்கத்துல உக்காந்து நீங்க "ஆகா என்னா சண்முகப்ரியா"ன்னா அவுகளால சும்மா இருக்க முடியுமா, கேட்டது காதுக்குள்ள போனாலும் பேரு தொண்டையில நிக்கும்ல.

வேகத்துக்கு வாங்க. தீட்சிதர் கிருதி ராமேஸ்வரம் மூணாம் பிரகாரத்துல நடக்குற மாதிரி, அவசரப்பட்டா ஒண்ணும் கிடைக்காது, தூணு தூணாத்தான் போகணும். ஆனா அந்த நிதானத்துலயே போயி முடியுறப்ப திடுக்குன்னு ஒரு மத்யமகால சாகித்யம் வரும், அதுவரைக்கும் வந்த வேகத்துக்கு ரெண்டு மடங்கு. அவரு ரசிகனும் அதே கணக்குதான், சாயங்காலம் பூரா டீக்கடையில அசையாம உக்காந்து பேசிட்டு ராமநாதபுரத்துல கடைசி பஸ்ஸு கிளம்புறப்ப மட்டும் மத்யமகாலத்துல ஓடுவான். தேவிபட்டினத்துக்கு சனிக்கிழமை போயிப் பாருங்க, கூட்டம் முண்டியடிச்சுக் கல்லச் சுத்திக்கிட்டிருக்கும், இவரு ஓரமா நின்னு யதுகுலகாம்போதியில "திவாகர தனுஜம்" எடுப்பாரு, சனி மெதுவாப் போற கிரகம் அதனால பாட்டும் மெதுவாத்தான் போகணும்னு விளக்கம் வேற. நவக்கிரக கிருதி மொத்தம் ஒம்பதா இல்ல ஏழுதான் தீட்சிதரோடதா, ராகு கேது பின்னால வந்து சேந்ததான்னு மட்டும் அவருகிட்ட கேட்டுடாதீங்க. ஏழுக்கு ஏழு தாளம் துருவத்துல ஆரம்பிச்சு ஏகத்துல முடியுதுன்னு தொடங்குனா நீங்க திரும்ப கரைக்கு ஏறுறப்ப இருட்டிரும்.

இதே ஆளு பியூஷன்னா மூஞ்சியச் சுளிப்பாரு. அப்ப "சந்ததம் பாஹிமாம்" பாடச் சொல்லுங்க, இங்கிலீஷ்காரன் அவன் ராஜாவுக்குப் பாடுற பாட்டோட மெட்டு அப்படியே, சமஸ்கிருத சாகித்யம் போட்டது சாட்சாத் தீட்சிதர். "அது வேற விசயம்"பாரு.

தியாகராஜர் பக்கம் கதையே வேற. அவரு ராமன வீட்டு ஆளு மாதிரி நிக்க வச்சுக் கேள்வி கேப்பாரு. தோடியில "எந்துகு தயராதுரா", ஏன் உனக்கு இரக்கம் வரல. ஜயந்தஸ்ரீயில "மருகேலரா", எதுக்கு ஒளிஞ்சுக்கிற. பஹுதாரியில "ப்ரோவ பாரமா", என்னையக் காப்பாத்துறது உனக்குச் சுமையா. கடைசியில ஆளு வந்துட்டா மோகனத்துல "நன்னு பாலிம்ப", என்னையக் காப்பாத்த நடந்தே வந்தியான்னு ஒரே உருக்கம். இதயே அம்பது வருசம் கேட்டவன் கேஸ் சிலிண்டர் வரலைன்னா போன்ல எப்படிப் பேசுவான்னு நினைக்கிறீங்க? மொதல்ல இரக்கம் இல்லையாம்பான், அப்புறம் எங்கய்யா ஒளிஞ்சிருக்க, அப்புறம் நாலு மாடி தூக்குறது பாரமான்னு சண்டை, சிலிண்டர் வந்துட்டா டெலிவரி பையன் கையப் புடிச்சுக்கிட்டு லிப்ட் இல்லையேய்யா நடந்தே வந்தியான்னு கண்ணுல தண்ணி. அதுலயும் ஒரு தடவை சொல்லி நிறுத்தமாட்டான், ஒரே வரிய விதவிதமா மாத்திப் பாடுற சங்கதிய அந்த அளவுக்கு வளத்துவிட்டதே அவுக ஆளுதான, "சோறு ஆறிருச்சு"ங்கிறத மொதல்ல சாதாவாச் சொல்லி, ரெண்டாந்தரம் லேசா இழுத்து, அப்படியே ஏத்தி ஏத்தி மேல் சட்ஜத்துல கொண்டு போயி நிறுத்துறப்ப பக்கத்து வீட்டுக்காரரு எட்டிப் பாப்பாரு.

சியாமா சாஸ்திரி ரசிகன் அபூர்வம், அவரு பாட்டே மத்த ரெண்டு பேரு அளவுக்கு கிடையாது, தஞ்சாவூர்ல பங்காரு காமாட்சிக்கு பூஜை பண்ணிக்கிட்டு பெரும்பாலும் அம்பாள் மேலயே பாடுன மனுசன். ரசிகனும் யாருகிட்டயும் பிரச்சாரம் பண்ணமாட்டான், தொடையில தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். அந்தத் தாளத்தத்தான் கவனிக்கணும், ஊரு உலகம் மிஸ்ர சாப்புன்னா மூணு நாலுன்னு எண்ணும், இவுக விலோம சாப்பு, நாலு மூணு. ஏழாயிரம் கடன் வாங்குனா மூணு இப்ப நாலு அப்புறம்னு பேசியிருப்பீங்க, அவன் மொதல்ல நாலத் தருவான், அப்புறம் மூணு, கணக்கு சரியாத்தான் இருக்கும் ஆனா உங்களுக்கு எங்கயோ இடிக்கும். வீட்டுல காலையிலயே "மாயம்மா" பாடுனா மட்டும் பிரச்சினை. ஆகிரி பாடுனா அன்னைக்குச் சோறு கிடைக்காதுன்னு பழைய நம்பிக்கை ஒண்ணு இருக்குல்ல, அது ராகத்தாலயா, விடிகாலையில எழுப்பிவிட்ட கோவத்துல வீட்டம்மா அடுப்பு பத்தவைக்காததாலயான்னு யாரு கண்டா.

நான் ஒரு வரமுறை வச்சிருக்கேன் தம்பி. கேலி பாட்டுக்குள்ள இருந்து வரணும். பட்டுச்சேல, வைரமூக்குத்தி, சபா கேண்டீன் போண்டா, இன்ன சாதிக்காரனுக்கு இன்ன பாட்டுன்னு பேசுற சோக்கெல்லாம் யாரு மேல வேணும்னாலும் ஒட்டலாம், அதுக்குப் பாட்டக் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்ல, அதுல எனக்கு ருசியும் இல்ல. மத்யமகாலம்னா என்னன்னு தெரிஞ்சவன்தான் கடைசி பஸ்ஸுக்குச் சிரிப்பான். உங்க ஜெர்மன்காரரும் அந்த ரகம்தான். வாக்னரோட ரிங்ங்கிற இசை நாடகம் நாலு ராத்திரிக்கு ஓடும், மொத்தம் பதினஞ்சு மணி நேரம் கிட்ட, அதனால அவரு ரசிகன் "சுருக்கமாச் சொல்றேன்"னா ஆளுக ஓடிருவாக. ப்ரூக்னரு தன்னோட சிம்பொனியத் திருத்தித் திருத்தி எழுதுனவரு, மூணாவது சிம்பொனிக்கே 1873, 1877, 1889னு வேற வேற வடிவம் இருக்கு, எது அசல்னு சண்டை போடுறதுதான் அவரு ரசிகனுக்குப் பொழப்பு. இந்த ஆளையும் உங்க மாமனாரையும் ஒரே ரூம்ல விட்டா பாஷை தெரியாமலே பாடாந்தரம், அதான் எந்தப் பாடம் சரின்னு, பேசிருவாக.

இப்ப உங்க பெரிய கேள்வி. ஆளே இல்லாத ஊர்ல கேலி எதுக்குன்னு கேக்குறீங்க. நான் நேர்மாறாப் பாக்குறேன். உங்க மாமனாருக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, தீட்சிதரு எட்டயபுரத்துல கண்ண மூடுனது 1835ல, இன்னைக்கும் அவருக்காக மருமகன்கிட்ட பேசாம இருக்க ஒரு ஆளு இருக்காக. கேலிக்கு ஆளு வேணும், அந்தக் கேலிக்குக் கோவிக்கவும் ஆளு வேணும். எனக்கு வயிறு எரியுறது வேற இடத்துல. ராமநாதபுரம் ஸ்ரீனிவாச ஐயங்கார், பூச்சி ஐயங்கார்னு சொன்னாத்தான் தெரியும், 1860ல இருந்து 1919 வரைக்கும் இருந்த மனுசன், பட்டணம் சுப்பிரமணிய ஐயரு சிஷ்யரு, சேதுபதி சமஸ்தானத்து வித்வான், நம்ம ஊரு ஆளு. பூச்சின்னு பேரு வந்ததுக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாக, அத விடுங்க. அவரு ரசிகன் இப்படித்தான் இருப்பான்னு ஒரு சோக்கு எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? நானும் கேட்டதில்ல. ஆனா உங்க மக துபாய்ல பாடிக்கிட்டிருக்கு பாருங்க மோகன வர்ணம், "நின்னுகோரி", அது யாரு போட்டதுன்னு நினைச்சீங்க? பூச்சி ஐயங்கார்தான். பாட்டு கிளாஸ் போன புள்ள முக்காவாசி அதப் பாடியிருக்கும், கொஞ்சம் வளந்தா கானடாவுல அட தாள வர்ணம் "நேர நம்மிதி", அதுவும் அவருதான். எல்லாரு வாயிலயும் இருக்காரு, யாரு நினைப்புலயும் இல்ல. இங்க ராமநாதபுரம் அரண்மனை வாசல்ல நின்னு நாலு பேரக் கேட்டீங்கன்னா பூச்சி மருந்துக் கடைக்கு வழி சொல்லுவாக.

கோடீஸ்வர ஐயர் கதையும் இதேதான். பழைய ராமநாதபுரம் சீமைக்காரரு, பெருங்கரை கவிகுஞ்சர பாரதியோட பேரன், 72 மேளத்துலயும் தமிழ்ல கிருதி போட்டவரு. அந்த 72ல 40 விவாதி மேளம், அதாவது ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாத ஸ்வரம் வர்றது, பாடுனா குடும்பத்துக்கு ஆகாதுன்னு பெரிய வித்வானுகளே ஒதுங்கிப் போன சங்கதி, இவரு அத்தனையிலயும் முருகன உக்கார வச்சுட்டாரு. பாடகர் எஸ். ராஜம் மாதிரி ஒரு ஆளு வாழ்நாள் பூரா அதப் பாடிக் காட்டலைன்னா இன்னைக்கு யாருக்குத் தெரியும். அவருக்கு ரசிகர் மன்றம்னு ஒண்ணு இருந்தா அதுல இருக்கவன் எப்படி இருப்பான்? ராகுகாலத்துல கல்யாணப் பத்திரிகை கொடுப்பான், பூனை குறுக்க வந்தா "வா கண்ணு"ன்னு தூக்கிக்குவான். இது இப்ப நான் புதுசாப் போட்டது, எடுத்துக்கங்க, பரப்புங்க.

நீங்க எந்தக் கணக்குன்னு கேட்டீங்க. ராகம் தெரியாம கேக்குறவுகதான் எப்பவும் பெருங்கூட்டம், உங்களுக்குப் பேரே வைக்கத் தேவையில்ல. "இது அந்தப் படத்துல வருமே"ன்னு பக்கத்து சீட்டுக்காரருகிட்ட ஆரம்பிச்சீங்கன்னா மட்டும் பாபநாசம் சிவன் ரசிகராயிருவீங்க, அவரே சினிமாவுக்கும் எழுதி நடிச்சும் இருக்காரு, அதனால தப்பில்ல.

ஆனா எனக்கு ஒரு சுயநலம் இருக்கு, உங்கள பூச்சி ஐயங்கார் பக்கம் இழுக்கப் பாக்குறேன். அவரு ரசிகனுக்கு நான் வச்சிருக்குற அடையாளம் இதுதான், கச்சேரிக்கு நேரத்துக்கு வர்ற ஒரே ஆளு. ஏன்னா அவரு சிஷ்யர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்னைக்கு நாம பாக்குற கச்சேரி வரிசைய நிலைநிறுத்துனவரு, அதுல மொதல்ல வர்ணம். குருநாதர் சரக்கு அங்கதான் இருக்கு. மத்தவன் எல்லாம் பார்க்கிங் தேடி, செருப்பக் கழட்டி, சீட்டு புடிச்சு உக்காருறதுக்குள்ள வர்ணம் முடிஞ்சிருக்கும், அப்ப நம்மாளு எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிருவான்.

மாமனாருக்கு ஒண்ணு பண்ணுங்க. பேத்திய "நின்னுகோரி" பாடச் சொல்லி வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, மொதல்ல கூட ஒரு வரியும் எழுதாதீங்க. திருத்துறதுக்கு ஒண்ணும் கிடைக்காது, மோகனத்துக்கு தீட்சிதர் பக்கமும் மோகனம்னுதான் பேரு. ஆனா அந்த மோகனம் 28ஆம் மேளத்துல பொறந்ததா 29ல, அதான் சங்கராபரணத்துல, பொறந்ததான்னு ஒரு பழைய வழக்கு இருக்கு, அப்புறமா நீங்க சும்மா "சங்கராபரணத்து புள்ளதான மாமா"ன்னு மட்டும் போட்டுட்டு போனக் கீழ வச்சிருங்க. காலையில குட்மார்னிங் வராது, நாலு பக்கத்துக்கு டைப் பண்ணி வரும்.